இரவு நிறுத்திய இடங்கள்

பெப்ரவரி 6, 2025, வியாழன்

தலவாக்கலையைத் தாண்டி, தேயிலைக்கு நடுவே லொறி திருப்புவதற்காக வெட்டிவிட்ட ஒரு தரை. இன்று இங்கேதான். கீழே நீர்த்தேக்கம், அதற்கு அப்பால் டவுன் விளக்குகள். எஞ்சினை அணைத்ததும் காதுக்குள் ஒரு நிம்மதி.

பஸ் டிப்போவில் டிரைவராக இருந்த காலமெல்லாம் மணி அடித்தால் நிறுத்தினேன், மணி அடித்தால் எடுத்தேன். இந்த மலையில் எனக்குத் தெரியாத வளைவு இல்லை. ஆனால் பிடித்த இடத்தில் ஒரு நாளும் நின்றதில்லை. பென்ஷன் வந்தால் பழைய வேன் ஒன்றை வாங்கி, பின்சீட்டைக் கழற்றிப் பலகை அடித்து, நானும் தெரேசாவும் இஷ்டப்பட்ட இடத்தில் நின்று நின்று போவோம் என்று எத்தனை வருடம் சொல்லியிருக்கிறேன். அது நடந்துவிட்டது. வீட்டை விட்டுப் புறப்பட்டு இது நாலாவது இரவு.

தெரேசா கேஸ் அடுப்பில் ரொட்டி சுட்டாள். சுட்டுக்கொண்டே கேட்டாள்: "நாளைக்காவது ரூம் உள்ள எடமா பாக்கலாமே. கந்தப்பளைப் பக்கம் ஒரு கேம்பிங் இருக்குன்னு சுலக்ஷனா சொன்னா. வேனும் நிப்பாட்டலாமாம். பாத்ரூம், சுடுதண்ணி எல்லாம் இருக்காம்."

மகளுக்குக் கொழும்பில் இருந்துகொண்டு இதே வேலை.

"வேன் இருக்கும்போது என்னத்துக்கு ரூம்? இந்தக் காட்ட வெட்டித் தேயில போட்டதே நம்ம ஆளுங்க. ஒரு ராத்திரி நிக்க இன்னொருத்தனுக்கு வாடகை குடுக்கணுமா?"

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

பெப்ரவரி 7, வெள்ளி, காலை

தோட்டத்தில் இரவுக் காவல் பார்க்கிற வாச்சர் வந்தார். விரட்டப் போகிறார் என்று நினைத்தேன். பெயர் கந்தப்பன், நாற்பது வயதிருக்கும். "நம்ம ஆளுங்களாண்ணே? அப்ப ரெண்டு நாள் இருந்துட்டே போங்க" என்றார். உட்காரச் சொன்னேன். தெரேசா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். சிறுத்தை வந்த கதை, தேயிலைக் கொழுந்து திருட்டுப் போகிற கதை எல்லாம் சொன்னார். நல்ல மனுஷன்.

அவர் போனபின், "காசு குடுத்துத் தங்குற எடத்துல இப்பிடி ஒரு ஆள் வந்து பேசுவாங்களா?" என்றேன். தெரேசா கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். ஒரே கோப்பையை வெகுநேரமாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை

தெரேசா போய்விட்டாள்.

தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் மரக்கறி வாங்க நிறுத்தினேன். திரும்பி வந்தால் அவள் பையோடு கீழே நிற்கிறாள். "நான் போறேங்க" என்றாள். எங்கே என்றேன். "பாத்ரூம் இல்லாத எடத்துல இனி ஒரு ராத்திரியும் என்னால படுக்க ஏலாது. நீங்க சுத்துங்க. ஒங்களுக்கு ஆசை."

சண்டை போடவில்லை. அழவில்லை. ஸ்டாண்டில் எல்லாரும் என்னைத் தெரிந்தவர்கள். "என்ன லியனார்ட் அண்ணே, டீச்சர மட்டும் பஸ்ஸுல ஏத்துறீங்க?" என்று ஒரு கண்டக்டர் கேட்டான். சிரித்து வைத்தேன்.

டிக்கோயாவுக்குப் போய் வீட்டில் இரண்டு நாள் இருந்தால் கோபம் ஆறும். ஆறட்டும்.

பெப்ரவரி 8, சனி

வீட்டு ஃபோனை யாரும் எடுக்கவில்லை. அவளுடைய கைபேசியும் அணைந்து கிடக்கிறது.

பெப்ரவரி 9, ஞாயிறு

சுலக்ஷனா பேசினாள். "அம்மா வீட்டுக்குப் போகல டாடி. கந்தப்பளையில அந்தக் கேம்பிங்ல ரூம் எடுத்திருக்காங்க. தனியா."

தனியாகவா? கலியாணம் முடித்த நாளிலிருந்து தெரேசா தனியாக ஒரு கடைக்குப் போய்த் தேத்தண்ணி குடித்து நான் பார்த்ததில்லை. அவளுடைய டீச்சர் பென்ஷன், அவளுடைய இஷ்டம். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

இன்று சர்ச் பூசைக்குப் போகவில்லை. நானு ஓயாவுக்குப் பக்கத்தில் ஒரு வளைவில் நிற்கிறேன். மழை இல்லை, ஆனால் சீதளம் பலகை வழியாக முதுகுக்கு ஏறுகிறது. இரண்டு பேர் படுத்தபோது இது தெரியவில்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்

இராகலைக்கு மேலே வந்துவிட்டேன். வரும்போது கந்தப்பளையைத் தாண்டித்தான் வரவேண்டும். வேகத்தைக் குறைக்கவில்லை. அந்தக் கேம்பிங்கின் கேட் இடது பக்கமா வலது பக்கமா என்றுகூடப் பார்க்கவில்லை என்று எழுதலாம். பார்த்தேன். வலது பக்கம்.

இன்று இரண்டு இடத்தில் விரட்டினார்கள். முதலில் ஒரு காய்கறித் தோட்டக்காரர், சிங்களத்தில், மரியாதையாக. பிறகு பாடசாலை மைதானத்தில் ஒரு ஆள், தமிழில், மரியாதை இல்லாமல். "வயசான காலத்துல வீடு வாசல் இல்லையா?" என்று கேட்டான். டிக்கோயாவில் எனக்குச் சொந்தமாக மூன்று அறை வீடு இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொன்னால் ஏன் இங்கே நிற்கிறாய் என்பான். அதற்கு என்ன பதில்?

பெப்ரவரி 12, புதன், பௌர்ணமி போயா

விடிய எழுந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்புத் தூவினதுபோல் வெள்ளை. பனி உறைந்திருக்கிறது. கீழே பள்ளத்தாக்கில் மேகம் அசையாமல் கிடக்க, அதன்மேல் மலை மலையாக நிற்கிறது. இத்தனை அழகைச் சாவதற்குள் ஒரு தடவையாவது அவளுக்குக் காட்டவேண்டும் என்றுதானே வேன் வாங்கினேன்.

"இங்க பாரு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

இன்று முழுக்க நான் பேசியது அவ்வளவுதான்.

பெப்ரவரி 14, வெள்ளி

போனேன். தோட்டத்துப் பெரிய துரையின் பங்களா ஒன்றைத்தான் அந்தக் கேம்பிங்காக மாற்றியிருக்கிறார்கள். பங்களாவில் அறைகள், புல்வெளியில் கூடாரங்கள், ஓரத்தில் வேன்களுக்கு இடம், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விளக்குக் கம்பம். ரோட்டிலிருந்து பார்த்தால் சிவனொளிபாத மலைக்கு ராத்திரியில் ஏறுகிற பாதை மாதிரி வெளிச்சம்.

கேட்டில் இருந்த பொடியன் சிங்களத்தில் கேட்டான், புக்கிங் இருக்கிறதா என்று. மனைவியைப் பார்க்க வந்தேன் என்றேன். மேலும் கீழும் பார்த்தான். நாலு நாள் சவரம் செய்யாத முகம், கசங்கின ஸ்வெட்டர். விருந்தினரைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஆறு மணியோடு நேரம் முடிந்தது என்றான்.

வேலை முடிந்து வெளியே வந்த ஒரு அம்மா நின்று கேட்டார்: "டீச்சரோட வீட்டுக்காரரா? நான் பேச்சியம்மா. இங்கதான் பாத்ரூம் கழுவுறேன். டீச்சர் நல்லா இருக்காங்க. மத்தியானம் மாத்தறையில இருந்து வந்த சிங்கள நோனாமாரோட உக்காந்து ஒரே சிரிப்பு."

நல்லா இருக்காங்க. நல்லது.

பெப்ரவரி 16, ஞாயிறு

தமிழ்ப் பூசைக்கு நுவரெலியாவுக்கு வருவாள் என்று தெரியும். வந்திருந்தாள், நீல சேலை, மேலே பச்சை ஸ்வெட்டர். நான் பின்வரிசையில் இருந்தேன். பூசை முடிந்து அவளாகவே வந்தாள். கோவிலுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"சாப்பிடுறீங்களா ஒழுங்கா?"

"ம்."

"தாடி நல்லா இல்ல."

பிறகு சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். மறக்கக்கூடாது.

"அன்னைக்குத் தலவாக்கலையில, விடியக்காலையில வயிறு சரியில்ல. ஒங்கள எழுப்பல. செடிக்குள்ள போனேன். குந்தியிருக்கிறப்ப மேல இருந்து ஒருத்தன் டோர்ச் அடிச்சான். கைய ஆட்டினேன். அணைக்கல. மூஞ்சிய மூடிக்கிட்டேன். அப்பவும் அணைக்கல. எந்திரிக்கவும் முடியாம அந்த வெளிச்சத்துல அப்பிடியே இருந்தேன். அப்புறம் விடிஞ்சதும் அதே டோர்ச்சோட வந்து நிக்கிறான். நீங்க உக்காருங்கன்னு சொல்றீங்க. அவனுக்கு நான் தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறேன். சீனி போதுமான்னு வேற கேட்டேன்."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா என்ன செய்வீங்க? அவன அடிக்கப் போவீங்க. இல்லாட்டி, தெரியாம அடிச்சிருப்பான்னு சொல்லுவீங்க. ரெண்டையும் தாங்குற தெம்பு அன்னைக்கு எனக்கு இல்ல."

பிறகு மறுபடி சொன்னாள்: "தோட்டத்து லயத்துல, அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் கக்கூசுன்னு ஒண்ணு இருந்துச்சு, கதவு கெடையாது. விடியிறதுக்கு முந்தி எங்கம்மா எழுப்பிக் கூட்டிட்டுப் போய்ச் சேலைய மறைப்பாப் புடிச்சிக்கிட்டு நிப்பாங்க. அதுல இருந்து வெளிய வரத்தான் நான் படிச்சேன். நீங்க இப்பிடி வெளியில நிக்கிறது சொகம்ங்கிறீங்க. எனக்கு அது அந்த லயத்துக்கே திரும்பிப் போறது."

நானும் லயத்தில்தான் பிறந்தேன். அதே கக்கூசு, அதே செடி. ஆனால் எனக்கு யாரும் சேலை பிடித்ததில்லை. பிடிக்கவேண்டிய தேவை வந்ததில்லை. அறுபத்திரண்டு வயதில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துதான் இது எனக்கு உறைக்கிறது.

பஸ் வந்தது. ஏறிப் போனாள். வேனில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

பெப்ரவரி 17, திங்கள்

எங்கும் போகவில்லை.

பெப்ரவரி 18, செவ்வாய்

தலவாக்கலைக்கு வேனை விட்டேன். வழி முழுக்க என்ன பேசுவது, எங்கே அடிப்பது என்றுதான் யோசித்தேன். சீட்டுக்கு அடியில் வீல் கழற்றுகிற இரும்பு இருந்தது. அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

கந்தப்பன் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். "வாங்கண்ணே, திரும்பி வந்துட்டீங்களா?" என்று வாய் நிறையச் சிரிப்பு. பிறகு வேனுக்குள் எட்டிப் பார்த்தார். "அக்கா வரலையா?" கேட்கும்போது முகம் என் பக்கம் இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் காலையில் கோப்பையை வாங்கும்போதும் தெரிந்திருக்கிறது.

"அன்னைக்கு டோர்ச்ச ஏன் அணைக்கல?" என்றேன்.

"கொழுந்து திருட வர்றாங்கண்ணே. யாருன்னு பாத்தேன்."

"பாத்தீங்க. பாத்தப்புறம்?"

அவர் செருப்பால் ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டு நின்றார்.

"பாத்தப்புறம் ஏன் அணைக்கல?"

"தப்புதாண்ணே" என்றார், மிக மெதுவாக. எனக்கு அது போதவில்லை. ஆனால் அதற்கு மேல் என்ன வேண்டும் என்றும் தெரியவில்லை. இரும்பு வேனுக்குள் கிடந்தது. அதை எடுத்தால் தெரேசாவுக்கு ஒன்றும் திரும்பக் கிடைக்காது, எனக்கு மட்டும்தான் கொஞ்சம் ஆறும். "இந்த மலையில பொம்பளைங்க இருக்காங்க. ராத்திரி டோர்ச் புடிக்கிறப்பெல்லாம் நெனச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

அந்தத் தரையைத் திரும்பிப் பார்த்தேன். இன்னமும் அழகாகத்தான் இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பெப்ரவரி 20, வியாழன்

சவரம் செய்துகொண்டு, வெளுத்த சட்டை போட்டு, புக்கிங் செய்துகொண்டு போனேன். அதே பொடியன் கேட்டைத் திறந்து "வெல்கம் சேர்" என்றான். மதில் ஓரமாக வேனுக்கு ஒரு இடம் தந்தார்கள். பெரிய கோழிக்கூடு அளவு சதுரம், சுண்ணாம்புக் கோடு போட்டது. அதற்குள் நிறுத்தவேண்டும். பஸ் ஸ்டாண்ட் மாதிரியே.

தெரேசா பங்களா விறாந்தையிலிருந்து பார்த்தாள். இறங்கி வந்தாள். கந்தப்பனைப் பார்த்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. "அடிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். தலையை ஆட்டினாள்.

அறைக்கு வரலாமா என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்க. இன்னும் கொஞ்ச நாள் நான் தனியா இருக்கணும். லயத்துல ஒரே காம்பராவுல எட்டுப் பேரு படுத்தோம். அப்புறம் ஹொஸ்டல். அப்புறம் நீங்க, புள்ளைங்க, புள்ளைங்களோட புள்ளைங்க. நானே உள்ளுக்கப் பூட்டிக்கிட்டு, காலக் கைய நீட்டித் தனியாப் படுத்தது இதான் மொதத் தடவ. நல்லா இருக்குங்க."

"என்மேல கோவத்துலயா?"

"மொத நாள் கோவத்துல. இப்ப கோவத்துல இல்ல."

கோபம் என்றால் ஆறும் என்று காத்திருக்கலாம். இதற்கு என்ன செய்வது?

சுடுதண்ணியில் குளித்தேன். சுகமாகத்தான் இருந்தது. யாரிடமும் சொல்லப் போவதில்லை.

பெப்ரவரி 22, சனி

வார இறுதி, எல்லா இடமும் நிறைந்துவிட்டது. ஒரு பக்கம் கொழும்புக் குடும்பம் கோழி வாட்டுகிறது, மறுபக்கம் ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் மடக்குக் கதிரையில் புத்தகம் படிக்கிறார்கள். பார்த்தால் தலையை ஆட்டுகிறார்கள், அவ்வளவுதான். வெளியே நிறுத்தினபோது விரட்டுவதற்காவது நாலு பேர் வந்தார்கள். இங்கே யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, வரவும் சொல்லவில்லை.

அந்த விளக்குக் கம்பம் சரியாக என் தலைமாட்டில். துணியால் கண்ணாடியை மறைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். இந்த வெளிச்சம் இருப்பதால்தானே அவள் இங்கே இருக்கிறாள்.

பெப்ரவரி 24, திங்கள்

பேச்சியம்மா குழாயடியில் பேசிக்கொண்டிருந்தார். அவர் இருக்கிற லயம் இந்த மதிலுக்குக் கீழேதான். அங்கே கக்கூசுக் கதவு உடைந்து வருடக்கணக்காகிறதாம், சாக்கைத் தொங்கவிட்டிருக்கிறார்களாம். "இங்க பத்துப் பாத்ரூமப் பளபளன்னு கழுவுறேன். எனக்கு ஒண்ணுக்கு வந்தா இங்க போகக்கூடாது, கீழ ஓடணும். டீச்சர்தான் மனேஜர்கிட்ட போயிச் சண்ட புடிச்சாங்க. இப்ப வேல முடிஞ்சு இங்கயே சுடுதண்ணியில குளிச்சிட்டுப் போறேன்."

தெரேசா என்னிடம் இதைச் சொல்லவேயில்லை. அவளுக்கு இங்கே ஒரு வாழ்க்கை நடந்துகொண்டிருக்கிறது. நான் சுண்ணாம்புக் கோட்டுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பெப்ரவரி 25, செவ்வாய்

தலைக்கு மேல் அந்தக் கம்பம், கீழே பூச்சி சத்தம். காய்ச்சல் மாதிரி. பனடோல் போட்டேன்.

பெப்ரவரி 27, வியாழன்

இரண்டு நாள் எழும்பவில்லை. நேற்று மத்தியானம் தெரேசா வேன் கதவைத் திறந்து நெற்றியில் கை வைத்தாள். "கொதிக்குதே, ஏன் சொல்லல?" என்றாள். நீ தனியாக இருக்கவேண்டும் என்றாய் என்றேன். குத்திக் காட்டச் சொல்லவில்லை, நிஜமாகவே அதனால்தான் சொல்லவில்லை. அவள் கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை பலகையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு தன் அறைக்குப் போனாள்.

இன்று காய்ச்சல் இல்லை. டிக்கோயாவுக்குத் திரும்புவதாக முடிவு செய்தேன். அவள் இருக்கும்வரை இருக்கட்டும். வேனை என்ன செய்வது என்று பிறகு பார்க்கலாம், தலவாக்கலையில் வாங்க ஒரு ஆள் இருக்கிறான்.

பெப்ரவரி 28, வெள்ளி

வீட்டுக்குத் திரும்புகிறேன் என்று அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் விறாந்தையில் ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டுக் கேட்டாள்: "உடப்புசல்லாவைப் பக்கம் பாக்கணும்னீங்களே, பாத்தாச்சா?"

"இராகலை வரைக்கும் போனேன். தனியாப் பாக்க ஒண்ணும் இல்ல."

"நானும் பாக்கல." மறுபடி ஊசியில் நூலைக் கோர்த்தாள். "நான் வர்றதுன்னா, நிப்பாட்டுற எடம் நான் சொல்ற எடமா இருக்கணும். காசு எவ்வளவுன்னு கேட்டு மொகத்த சுளிக்கக்கூடாது."

"சுளிக்க மாட்டேன்."

"எனக்கு ரூம். நீங்க வேன்ல படுக்கிறதுன்னா படுங்க."

"சரி."

வேறு என்ன சொல்ல முடியும்? சரி என்றுதான் சொன்னேன்.

மார்ச் 2, ஞாயிறு

பூசை முடிந்து புறப்பட்டோம். தெரேசா முன்சீட்டில், பை மடியில். கந்தப்பளையில் கெரட் வாங்கினோம். இராகலையில் சாப்பாடு. அதிகம் பேசவில்லை, ஆனால் பேசாமல் இருந்தது பாரமாக இல்லை.

உடப்புசல்லாவைக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டை விட்டு விலகி ஒரு புல்தரை. பின்னால் சவுக்கு மரங்கள், முன்னால் ஊவா மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாக இறங்கிப் போகின்றன. வீடில்லை, ஆளில்லை. என் கை தானாகவே வேனைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டது. அணைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது.

தெரேசா என்னைப் பார்க்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

இந்த ஒரு இரவு என்று கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மறைக்காமல் எழுதுகிறேன், நினைத்தேன். அப்படி ஒரு இடம் அது.

"பாத்துட்டுப் போவோம். வெளிச்சம் இருக்கிறப்பவே போயிரலாம்" என்றேன்.

அவள் பையை எடுத்துக் கீழே வைத்தாள். பிளாஸ்க்கைத் திறந்து இரண்டு பேருக்கும் ஊற்றினாள். குடித்துக்கொண்டே பார்த்தோம். "அழகாத்தான் இருக்கு" என்றாள். குடித்து முடித்ததும் நான் எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன்.

டவுனுக்குப் பக்கத்தில் சின்ன கெஸ்ட் ஹவுஸ். அவள் பையை அறைக்குக் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு கட்டில், சுத்தமான பாத்ரூம், கதவில் நல்ல தாழ்ப்பாள். அவள் அதை இரண்டு தடவை போட்டுத் திறந்து பார்த்தாள். சரி, நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு முற்றத்தில் இறங்கினேன்.

"என்னங்க" என்று வாசலில் நின்று கூப்பிட்டாள். "இங்க தலகாணி கல்லு மாதிரி இருக்கு. ஒங்க கழுத்துக்கு ஆகாது. வேன்ல இருக்கிறத எடுத்துட்டு வந்துருங்க."